இன்னொருவர் போனால்தான் என் வீட்டுக்காரருக்குக் கிட்னி. இதைச் சாமியிடம் எப்படிக் கேட்பது?

வில்லிவாக்கம்_தாமரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. யாரிடமாவது கேட்டே ஆகவேண்டும் போலிருப்பதால் எழுதுகிறேன்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. நானே ஒன்று கொடுக்கலாம் என்று பரிசோதனைக்குப் போனேன். எனக்குச் சர்க்கரை இருப்பதால் கூடாது என்றுவிட்டார்கள். மாமியாருக்கு வயதாகிவிட்டது, கொழுந்தனாருக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. அதனால் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் கிட்னிக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

போன வாரம் ராத்திரி போன் வந்தது. "உடனே கிளம்பி வாங்க, அவருக்குச் சாப்பிட எதுவும் கொடுக்காதீங்க" என்றார்கள். ஆட்டோவில் போகிற வழியெல்லாம் வாய் முருகா முருகா என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ரத்தம் எடுத்தார்கள். எங்களைப் போலவே வேறு குடும்பங்களையும் வரச்சொல்லி உட்கார வைத்திருந்தார்கள். விடிகிற நேரத்தில், உங்களுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பொருந்தாமல் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அங்கே ஐ.சி.யூ. வாசலில் ஒரு குடும்பம் அழுதுகொண்டிருந்தது. ஒரு பெண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர்கள்தானா என்று எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து விளக்கேற்றிவிட்டு நின்றால் எனக்கு வாய் வரவில்லை. "சீக்கிரம் கிட்னி கிடைக்கணும் சாமி" என்று கேட்டால், சீக்கிரம் ஒரு உயிர் போகணும் என்று கேட்பதாகத்தானே ஆகிறது? கேட்காமல் இருந்தாலோ, என் வீட்டுக்காரரை நானே கைவிட்டதாக ஆகிவிடுகிறது.

சொந்தக்காரர்கள் எல்லாரும் "எல்லாம் அவன் சித்தம், நம்பி விடு" என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சித்தம் யார் வீட்டில் வந்து விழப்போகிறது என்று நினைத்தால் கை நடுங்குகிறது. இப்படி ஒரு நிலையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

கச்சேரிசாலை

அம்மா, கேட்பதை நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பது பெருமாளுக்குத் தெரியாதா? பாரத்தை அவன்மேல் போட்டாயிற்று என்றால் மார்பில் கைவைத்து உறங்க வேண்டியதுதான். அதுதான் சரணாகதி. வருவதெல்லாம் பூர்வ கர்மம், அனுபவித்துத்தான் தீரவேண்டும். கேட்கக் கேட்க மனசு கலங்கும்.

---

இரவுப்பணி

தாமரை அக்கா, நான் டயாலிசிஸ் யூனிட்டில் ஸ்டாஃப் நர்ஸ். சாமி விஷயத்தைப் பெரியவர்கள் சொல்லட்டும். உங்கள் மனசில் ஓடுகிற கணக்கு தவறு என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

உங்களுக்குக் கிட்னி தேவைப்படுகிறது என்பதற்காக எங்கேயும் யாரும் போவதில்லை. பெரும்பாலும் சாலை விபத்தில் தலையில் அடிபட்டவர்கள், இல்லாவிட்டால் மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்கள். காப்பாற்ற என்னென்ன செய்யமுடியுமோ அத்தனையும் செய்து முடித்த பிறகுதான் மூளைச்சாவு என்ற பேச்சே வரும். 1994-ல் வந்த சட்டப்படி, அதை ஒரு டாக்டர் மட்டும் சொல்லிவிட முடியாது. குழுவாகப் பரிசோதிக்க வேண்டும். குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு மறுபடியும் எல்லாச் சோதனையும் செய்ய வேண்டும். மாற்று அறுவைசிகிச்சை செய்யும் டாக்டர்கள் அந்தக் குழுவிலேயே இருக்கக்கூடாது. அதற்கெல்லாம் பிறகுதான் குடும்பத்தாரிடம் கேட்பார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது.

காத்திருப்போர் பட்டியல் ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்குப் பார்ப்பதும் அல்ல. தமிழ்நாட்டில் 2008-ல் அரசாணைகள் வந்ததிலிருந்து முறையாக நடக்கிறது, இப்போது அதற்கென்று தனி ஆணையமே இருக்கிறது. ரத்தப் பிரிவு, பதிவின் மூப்பு எல்லாம் பார்த்துத்தான் அழைப்பார்கள். கிராஸ்மேட்ச் சேராமல் போகலாம் என்பதால்தான் ஒன்றுக்கு மேற்பட்டவர்களை வரவழைக்கிறார்கள். உங்களவரின் ரத்தத்தில் அந்தக் கிட்னியைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்பதுதான் அந்தச் சோதனை. சேராததையும் மீறி அன்று வைத்திருந்தால்தான் ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருந்தாததைப் பொருத்தியிருந்தால் அந்தக் கிட்னியும் வீணாகியிருக்கும்.

நான் வேலைக்கு வந்தபோது எங்கள் சீனியர் சிஸ்டர் ஒருவர், மெஷினில் ஊசி போடுவதற்கு முன் தினமும் ஒரு நிமிடம் கண்மூடி நிற்பார். என்ன வேண்டிக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். "இன்னிக்கு என் கை சரியா இருக்கணும்னு" என்றார். அவ்வளவுதான் கேட்பாராம்.

---

வில்லிவாக்கம்_தாமரை

நன்றி தங்கச்சி. எதிர்ப்புப் பொருள் விஷயம் யாரும் எங்களுக்கு இப்படி விளக்கிச் சொல்லவில்லை.

இன்னொன்றும் கேட்கவேண்டும். தூரத்து உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "ஒரு மண்டலம் மெஷினை நிறுத்திட்டு, முழு நம்பிக்கையோட வேண்டிக்கிட்டா தானா சரியாகும். மெஷினுக்குப் போறதே நம்பிக்கை இல்லாததுக்கு அடையாளம்" என்கிறார். என் மாமியார் அதைக் கேட்டு ஆடிப்போயிருக்கிறார்.

---

இரவுப்பணி

நிறுத்தவே கூடாது அக்கா. தயவுசெய்து. ஒருமுறை தள்ளிப்போட்டாலே உடம்பில் தண்ணீர் ஏறி நுரையீரலில் தேங்கும், மூச்சு முட்டும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுவிடலாம், அதற்கு முன்னறிவிப்புகூட இருக்காது. அவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும் கொடுக்காதீர்கள் என்று நாங்கள் கத்துவதே அதனால்தான். மாமியாரை அடுத்த தடவை கூட்டிக்கொண்டு வந்து டாக்டரிடம் நேரே பேச வையுங்கள்.

---

ஜாம்பஜார்_பாய்

அக்கா, அஸ்ஸலாமு அலைக்கும். அந்த உறவுக்காரருக்கு ஒரு பதில் எங்கள் நபிமொழியில் இருக்கிறது. ஒருவர் நபிகளிடம் (ஸல்) வந்து, "ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு அல்லாஹ்வை நம்பவா, அவிழ்த்து விட்டுவிட்டு நம்பவா?" என்று கேட்டார். "கட்டிவிட்டு நம்பு" என்றார்கள். திர்மிதி என்ற நபிமொழித் தொகுப்பில் வருகிறது. நாங்கள் தவக்குல் என்று சொல்வது அதைத்தான். டயாலிசிஸ் போவது ஒட்டகத்தைக் கட்டுவது. அதுவே இபாதத், இறைவணக்கம் என்று என் வாப்பா சொல்வார். அவரும் சில வருடம் அந்த மெஷினில் இருந்தவர்.

கச்சேரிசாலை ஐயா சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கேட்டால் மனம் கலங்கும் என்கிறார். யஃகூப் நபி தன் மகன் யூசுபைப் பிரிந்து அழுது அழுது கண்ணே வெளுத்துப்போனது என்று குர்ஆன் சொல்கிறது. அவர் நபி. பொறுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர். சுற்றியிருந்தவர்கள் "இன்னுமா அழுகிறீர்கள்" என்றபோது, என் துக்கத்தை நான் அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன் என்றார். சப்ர், அதாவது பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. யாரிடம் போய் அழுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வாப்பா கடைசி மாதங்களில் துஆ (பிரார்த்தனை) செய்யும்போது தன் பெயரைச் சொல்லிக் கேட்டதே இல்லை. "இந்த ரூமில் படுத்திருக்கிற எல்லாருக்கும் ஷிஃபா கொடு யா அல்லாஹ்" என்பார். ஷிஃபா என்றால் குணம். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமீன் சொல்வேன். ஆமீன் சொல்லும்போது எனக்கு வாப்பா முகம் மட்டும்தான் தெரியும். அது குற்றம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

---

ஒற்றியூரான்

தாமரை அம்மா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நம் ஊரிலேயே நடந்ததாகச் சொல்லப்படும் இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று மயிலாப்பூரில். பாம்பு கடித்து இறந்த பூம்பாவையின் சாம்பலை அவள் அப்பா சிவநேசர் குடத்தில் வைத்திருந்தார். திருஞானசம்பந்தர் பதிகம் பாட, அவள் எழுந்து வந்தாள். கபாலீசுவரர் கோயில் பங்குனித் திருவிழாவில் இன்றும் அதை நடத்திக் காட்டுகிறார்கள். கஷ்டத்தில் இருக்கிற எல்லாரும் வேண்டிக்கொள்வது இந்த வரலாறு மாதிரி ஒன்று நம் வீட்டிலும் நடக்கவேண்டும் என்றுதான்.

இன்னொன்று எங்கள் திருவொற்றியூரில் தொடங்குவது. சுந்தரர் சங்கிலியாரை மணந்தபோது, உன்னைவிட்டுப் பிரியமாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்தார். வசந்தம் வந்ததும் திருவாரூர் நினைவு வந்தது. ஊர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போய்விட்டன. இறைவனுக்கே தோழர் என்று பெயரெடுத்தவர் வழி தெரியாமல் தடவிக்கொண்டு நடக்கிறார். திருவெண்பாக்கம் வந்து சேர்கிறார். இன்றைக்குப் பூண்டி ஏரி இருக்கிற பக்கம்தான் அது. சென்னைக்குக் குடிதண்ணீர் வருகிறதே, அந்த ஏரி. பழைய கோயில் நீர்த்தேக்கத்துக்குள் போனதால் பிறகு வேறிடத்தில் எடுத்துக் கட்டினார்கள்.

அங்கே நின்று சுந்தரர் கேட்கிறார்: "கோயில் உளாயே?" நீ உள்ளேதான் இருக்கிறாயா? ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் எல்லாரும் கேட்ட கேள்விதான் அம்மா அது. உள்ளிருந்து பதில் வருகிறது: "உளோம், போகீர்." இருக்கிறோம், நீ போ. கண் வரவில்லை. கையில் ஒரு ஊன்றுகோல் மட்டும் கிடைக்கிறது. அதனால்தான் அங்கே சுவாமிக்கு ஊன்றீசுவரர் என்று பெயர். சுந்தரர் கோபத்தில் அந்தக் கோலை எறிந்ததில் நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று தல வரலாறு சொல்கிறது.

பிறகு காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் இன்னொரு கண். நடுவில் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தூரத்தில் அவர் பாடியதில் கெஞ்சல் உண்டு, உரிமையோடு சண்டையும் உண்டு. திருவாரூரில், அடியவன் இப்படித் தவிக்கும்போது நீர் மட்டும் நன்றாக "வாழ்ந்து போதீரே" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அதைத் திருமுறையில் வைத்து இன்றும் கோயிலில் ஓதுகிறோம். அது பக்திக்குக் குறைவு என்று யாரும் எடுத்தெறியவில்லை.

எனக்குப் பூம்பாவை வரலாற்றில் நம்பிக்கை உண்டு. ஆனால் என் வீட்டில் கஷ்டம் வந்த காலத்தில் என்னை நடக்க வைத்தது வெண்பாக்கம்தான். உங்கள் கணவருக்கு அந்த மெஷின் ஊன்றுகோல். அது கண் அல்ல என்று உங்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும். கோபத்தையும் அங்கேயே கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

---

கச்சேரிசாலை

ஒற்றியூரான் ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மறுக்க மனமில்லை. ஆனாலும் என் பக்கத்தைச் சொல்கிறேன். சண்டை போடுவது சுந்தரருக்குச் சரி, அவர் தோழர். நாம் அடியார். குலசேகராழ்வார், "வாளால் அறுத்துச் சுடினும்" மருத்துவனிடம் காதல் குறையாத நோயாளியைப் போல நீ எவ்வளவு துயர் தந்தாலும் உன் அருளையே பார்த்திருப்பேன் என்கிறார். அந்த நிலைக்கு வருவதற்குத்தான் கஷ்டமே வருகிறது என்பது என் எண்ணம்.

---

சாந்தோம்_செல்வி

ஐயா, அந்தப் பாசுரத்தை எனக்கும் பிடிக்கிறது. ஆனால் அது நோயாளி தானாகச் சொல்லவேண்டிய வார்த்தை. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர் நோயாளிக்கு எடுத்துச் சொல்லும் வார்த்தை அல்ல. கர்மம் என்று தாமரை அக்காவிடம் சொன்னீர்களே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வேதாகமத்தில் யோபு எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தபோது மூன்று சிநேகிதர்கள் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே உருப்படியானது அந்த ஏழு நாள்தான். பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் என்று பக்கம் பக்கமாகப் பேசினார்கள். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது யார்மேல்? கேள்வி கேட்டுக் கதறிய யோபுவின்மேல் அல்ல, விளக்கம் சொன்ன அந்தச் சிநேகிதர்கள்மேல்.

அக்கா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இயேசு கெத்செமனே தோட்டத்தில், "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று சொன்னதைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவோம். அதற்கு முந்தின வரியை விட்டுவிடுவோம். "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று முதலில் கேட்டார். தனக்கு வேண்டியதை மறைக்காமல் கேட்டார். மூன்று தடவை போய்க் கேட்டார். அதற்குப் பிறகுதான் ஒப்புக்கொடுத்தது. அவரே கேட்டிருக்கும்போது நாம் ஏன் கேட்காமல் ஒப்புக்கொடுக்கவேண்டும்? மனசில் இருப்பதை மூடிவைத்துவிட்டு உம் சித்தம் என்று சொன்னால் அது ஒப்புக்கொடுத்தல் ஆகாது, ஒளித்துவைத்தல்.

கிட்னி வேண்டும் என்று கேளுங்கள். அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள்.

---

சீனிவாசபுரம்

எனக்கு உங்களைப்போல எழுதத் தெரியாது. பட்டினப்பாக்கம் பக்கம் எங்கள் குப்பம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் உள்ளே வந்தபோது எங்கள் அக்கா மகள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நிறையப் பேர் வந்தார்கள். அரிசி கொடுத்தார்கள், துணி கொடுத்தார்கள். நல்ல மனுஷர்கள். ஆனால் பிழைத்தவர்கள் பேசும்போது "கடவுள் எங்களைக் காப்பாத்திட்டாரு" என்பார்கள். அக்கா அங்கேயே நிற்கும். அப்போ என் பிள்ளையை அவர் காப்பாத்தலையா என்று அது கேட்டதில்லை. முகம் மட்டும் கேட்கும்.

நான் சாமி கும்பிடுவதை விடவில்லை. கும்பிடாமல் படகு இறக்கியதில்லை, இன்றைக்கும். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கடலுக்குள் போனபிறகு வேறு யாரைக் கூப்பிடுவது? ஆனால் அன்று நடந்தது அவன் சித்தம் என்று யாராவது சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன்.

தாமரைம்மா, உங்கள் வீட்டுக்காரருக்குக் கண்டிப்பாகக் கிடைக்கும். கிடைக்கிற அன்றைக்கு "சாமி எங்களுக்குக் கண்ணைத் திறந்துட்டாரு" என்று ஆஸ்பத்திரி வாசலில் சத்தமாகச் சொல்லாதீர்கள். கேட்கிற தூரத்தில் யாராவது இருப்பார்கள். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொள்ளுங்கள்.

---

சாந்தோம்_செல்வி

அண்ணே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உங்கள் அக்காவுக்காக இன்று ஜெபிக்கிறேன், அவ்வளவுதான்.

---

தம்பியின்_அக்கா

இந்த இழையைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சீனிவாசபுரம் அண்ணன் எழுதியதைப் பார்த்தபிறகு இருக்க முடியவில்லை.

தாமரை அக்கா, நீங்கள் ஐ.சி.யூ. வாசலில் பார்த்த குடும்பம் நாங்கள் அல்ல. எங்களுக்கு இது நடந்து சில காலம் ஆகிவிட்டது. ஆனால் நானும் அப்படித்தான் தரையில் உட்கார்ந்திருந்தேன். தம்பி பைக்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான். பின்னால் வந்த வண்டி.

அன்று ராத்திரி நாங்களும் வேண்டிக்கொண்டுதான் இருந்தோம். அம்மா மாங்காடு அம்மனுக்கு முடிந்துவைத்தாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. முதல் சோதனை முடிந்து, அடுத்த சோதனைக்கு இடைவெளி விட்டார்களே, அந்த நேரம் முழுக்க அவன் விரல் அசைகிறதா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. அப்புறம்தான் ஒருவர் வந்து எங்களிடம் பேசினார். தள்ளி உட்கார்ந்து மெதுவாகப் பேசினார், அவசரப்படுத்தவே இல்லை. அப்பாதான் முதலில் சரி என்றார். அம்மா நெடுநேரம் கழித்து, "அவன் கேட்டா யாருக்கும் இல்லைன்னு சொன்னதில்லை" என்று மட்டும் சொன்னாள்.

உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்த ராத்திரி சென்னையில் எங்கேயோ ஒரு வீட்டில் உங்களைப்போல ஒரு அக்கா கிட்னிக்காக வேண்டியிருப்பார். அவர் வேண்டியதால் என் தம்பி போகவில்லை. அவர் வேண்டாமல் இருந்திருந்தாலும் போயிருப்பான். இதை நான் ஒரு கணம்கூட வேறு மாதிரி நினைத்ததில்லை, அம்மாவும் நினைத்ததில்லை. எங்கள் வேண்டுதல் பலிக்கவில்லை. அந்த அக்காவுடையதும் பலிக்காமல் போயிருந்தால் எங்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

2023 செப்டம்பரில், உறுப்புதானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். தம்பிக்கும் அப்படித்தான் நடந்தது. அதிகாரிகள் வந்து மாலை வைத்தார்கள். தெருவே நின்றது. ஆனால் அம்மாவுக்கு அதைவிட ஆறுதல், யாரென்றே தெரியாத ஒருவர் இந்நேரம் எங்கேயோ தண்ணீர் அளக்காமல் குடித்துக்கொண்டிருப்பார் என்பதுதான். யார் என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். சொல்லவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அம்மா தம்பி பெயரைச் சொல்லிவிட்டு, "அவங்களும் நல்லாயிருக்கணும்" என்று சேர்த்துக்கொள்கிறாள். அந்த "அவங்க" யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

அதனால் நீங்கள் கேளுங்கள் அக்கா. தயங்காதீர்கள். எங்கள் மாதிரி குடும்பத்துக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்கமுடிந்தால் கேளுங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை.

---

கச்சேரிசாலை

அம்மா, உங்கள் தம்பிக்கு என் நமஸ்காரம். கர்மம் என்று நான் மேலே எழுதியதைப் பற்றி இனி இந்த இழையில் வாதம் செய்யமாட்டேன். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சந்நிதிக்குச் சனிக்கிழமை போகிறேன். தாமரை அம்மா, உங்கள் வீட்டுக்காரரின் நட்சத்திரத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். கிட்னி வேண்டும் என்று சொல்லியே அர்ச்சனை செய்கிறேன்.

---

வில்லிவாக்கம்_தாமரை

இதையெல்லாம் சத்தமாக என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். தம்பியின் அக்கா எழுதியது வந்தபோது என்னால் முடியவில்லை, அவரே போனை வாங்கிப் படித்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குக் கிடைச்சா, நான் போனப்புறம் என்கிட்ட எது உருப்படியா இருக்கோ அதை எடுத்துக்கச் சொல்லு. கண்ணாவது எடுப்பாங்க இல்ல?" என்று கேட்டார்.

இன்று சாயங்காலம் விளக்கேற்றினேன். கேட்டேன். என்ன கேட்டேன் என்பதை எழுதவில்லை, ஆனால் வாய் வந்தது.

மாமியாரை நாளைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். இரவுப்பணி தங்கச்சி, அடுத்த அழைப்பு வருவதற்குள் நாங்கள் செய்துவைக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா? போன தடவை பாதிப் பேப்பரை வீட்டிலேயே விட்டுவிட்டு அலைந்தோம்.

---

இரவுப்பணி

இருக்கிறது அக்கா. ஃபைல், காப்பீட்டு அட்டை, ஆதார், கடைசி ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இரண்டு போன் நம்பர் கொடுத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை சரிபாருங்கள், ராத்திரியில் சைலண்டில் போடாதீர்கள். மஞ்சள்காமாலைத் தடுப்பூசி, ஹெபடைடிஸ் பி, எல்லா டோஸும் முடிந்ததா என்று கேளுங்கள். ரத்தம் குறைவு என்று எங்காவது ரத்தம் ஏற்றச் சொன்னால், மாற்று அறுவைக்குப் பதிந்திருக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். ரத்தம் ஏற்றினால் எதிர்ப்புப் பொருள் கூடும், கிராஸ்மேட்ச் சேருவது கஷ்டமாகும். அதனால் முடிந்தவரை ரத்தம் ஊறுவதற்கான ஊசியிலேயே சமாளிப்பார்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துவைத்திருப்பது) இருக்கிற கையில் பி.பி. பார்க்க விடாதீர்கள்.

கண் தானம் பற்றி அண்ணன் கேட்டது: இயற்கையாக இறந்தவர்களிடமிருந்தும் எடுக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாகவேண்டும், அதனால் உடனே சொல்லவேண்டும். அவருக்கு என்னென்ன நோய் இருக்கிறது என்பதைப் பார்த்துக் கண்வங்கியில் முடிவு சொல்வார்கள். எங்கள் யூனிட்டில் படிவம் இருக்கிறது. வேண்டுமானால் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.